கூடைப்பந்தாட்டத்தின் தந்தை டாக்டர் ஜேம்ஸ் நெயிஸ்மித்

போட்டிப் பருவம் தொடங்கிச் சில வாரங்களே கழிந்திருக்கும். முதல் இரண்டு மூன்று ஆட்டங்களின் முடிவுகள் கல்லூரி வளவெங்கும் பேசப்படும். வென்றிருப்பின் இவ்வாண்டுக் கேடயம் எமதே என்பர். தோற்றிருப்பின் அணித்தலைவனை மாற்றவேண்டும், பயிற்றுநரை மாற்றவேண்டும் என்பர். அடுத்து வரவிருக்கும் பெரிய ஆட்டத்தின் முடிவையும் அதற்கு முன்னரே சிலர் தீர்மானித்துவிடுவர். கல்லூரி என்று ஒன்று இருக்கும் இடமெல்லாம் காணப்படும் வழக்கம் இது. தொடக்க ஆட்டங்கள் சிலவற்றைக் கொண்டு ஓர் அணியின் தரத்தையும், அதனைப் பயிற்றிய ஆசிரியரின் தரத்தையும் அளந்துவிடுதல் தகுமா? இவ்வினாவிற்கு விடை கூறுவது போல அமைந்தது ஒருவர் வாழ்க்கை. கூடைப்பந்தாட்டத்தை உலகுக்கு அளித்த டாக்டர் ஜேம்ஸ் நெயிஸ்மித் அவர்களே அவர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே, அல்மொன்ற் என்னும் சிற்றூரின் அயலில், 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் நாள் நெயிஸ்மித் பிறந்தார். பெற்றோர் ஸ்கொத்லாந்து வழிவந்தவர்கள். 1870இல் குடும்பத்தைக் காய்ச்சல் நோய் பற்றியது. நெருப்புக்காய்ச்சல் என நாம் கூறும் அந்நோய்க்குத் தந்தையும் தாயும் அடுத்தடுத்து இரையாயினர். ஒன்பது வயது மட்டில் அநாதையான சிறுவனைப் பாட்டியாரும், அவர் மறைந்தபின் தாய்மாமனாரும் வளர்த்தனர். பதினைந்து வயதளவில் பள்ளியை விட்டு நீங்கிய அவர், காட்டிலே மரம் தறிக்கும் தொழிலாளருடன் சேர்ந்து உழைத்தார். உடல் உரம் பெற்றது. ஆயினும் உள்ளம் நிறைவு பெறவில்லை. ஏறத்தாழ இருபது வயதில், தம்மினும் இளைய மாணவர் நடுவே மீண்டும் பள்ளி வாங்கில் அமர்ந்தார். 1883இல் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக் கழகம் புகுந்து, 1887இல் பட்டம் பெற்றார். தொடக்கத்திற் பின்தங்கியவன் இறுதியிலும் பின்தங்கியே தீரவேண்டும் என்ற நியதி இல்லை என்பதை அவர் முதலில் தம் வாழ்விலேயே கண்டார்.

மதகுருவாக வேண்டும் என்பதே அந்நாளில் அவர் கொண்ட குறிக்கோள். அதன்பொருட்டுச் சமயக் கல்லூரியிலும் பயின்றார். எனினும் விளையாட்டுத் திடலை அவரால் விட இயலவில்லை. திடலிற் பட்ட அடியால் இரு கண்களும் கறுத்திருந்த நிலையிலேயே ஒருமுறை பிரசங்க மேடை ஏறினார் என்பர். சமயம் பயில்வோனுக்கு விளையாட்டு ஏற்றதன்று என்று உடன் பயின்றோர் கருதினர். ஒரு நாள் ஆட்டத்திலே, சினங்கொண்டு தகாத சொல் உரைத்த தோழன் ஒருவன், நெயிஸ்மித் அருகில் நிற்பதைக் கண்டதும் நாணி மன்னிப்புக் கேட்டான். தாம் ஒரு சொல்லும் கூறாதிருக்கவும் இவன் நாணியது ஏன் என எண்ணினார் நெயிஸ்மித். மேடையிலிருந்து மட்டுமன்றி, ஆடுகளத்தில் உடன் நின்றும் இளைஞரை நல்வழிப்படுத்தலாம் என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. 1890இல், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

ஸ்பிறிங்பீல்டில் மாரிகாலம் கடும் பனி பொழியும் காலம். உதைபந்துப் பருவம் முடிந்து, வேனிற்கால ஆட்டங்கள் தொடங்கும்வரை மாணவர் உள்ளரங்கில் அடைபட்டு உடற்பயிற்சியே செய்தல் வேண்டும். பதினெண்மர் கொண்ட ஒரு வகுப்பினர் அதனை வெறுத்தனர். அவர்களை அடக்க முயன்ற ஆசிரியர் இருவர் கைவிட்டுச் சென்றனர். தலைவர் லூதர் குலிக் அப்பொறுப்பை நெயிஸ்மித்திடம் ஒப்படைத்து, உள்ளரங்கிற்கு ஏற்ற புதிய ஆட்டம் ஒன்றைக் காணுமாறு பணித்தார். தவணை இரு வாரங்கள்.

அறிந்த ஆட்டங்களை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக அரங்கினுள் ஆடவிட்டுப் பார்த்தார். கண்ணாடிகள் உடைந்தன, உடல்கள் காயப்பட்டன. அதன்பின் அமர்ந்து சிந்தித்தார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவதனாலன்றோ எதிரி அவனைப் பிடித்து வீழ்த்துகின்றான்? பந்துடன் ஓடலாகாது என விதித்துவிட்டால் வீழ்த்தவேண்டிய தேவையே இல்லை. இலக்கு நிலத்தில் நின்றால் வலிந்து எறிவர். அதனைத் தலைக்கு மேலே கிடையாக வைத்துவிட்டால் வலிமை பயன்படாது, நிதானமே பயன்படும். இங்கேதான் சிறுவயதில் ஆடிய ஓர் ஆட்டம் அவர் நினைவுக்கு வந்தது. பாறைமீது வைத்த கல்லை மற்றொரு கல்லால் எறிந்து வீழ்த்தும் ஆட்டம் அது. வேகமாக எறிந்த கல் குறி தப்பினால் நெடுந்தூரம் ஓடிவிடும். மெல்ல வளைத்து எறிந்ததோ அருகிலேயே விழும். அவ்வளைந்த எறியே புதிய ஆட்டத்தின் உயிராயிற்று.

காவலாளர் கொணர்ந்து கொடுத்த பீச்சுப்பழக் கூடைகள் இரண்டும் மாடத்தின் கீழ்விளிம்பில் அறையப்பட்டன. அவ்விளிம்பின் உயரம் 10 அடி. உலகெங்கும் இன்றளவும் வளையத்தின் உயரம் அதுவே. விதிகள் பதின்மூன்றும் தட்டச்சிற் பொறித்து ஒட்டப்பட்டன. 1891 டிசம்பர் 21ஆம் நாள், பக்கத்திற்கு ஒன்பதின்மராக நின்று, உதைபந்து ஒன்றைக் கொண்டு மாணவர் ஆடினர். ஒரேயொரு முறைதான் பந்து கூடையுள் வீழ்ந்தது. ஆட்டத்திற்கு அவர் பெயரையே சூட்டலாம் என்று மாணவன் ஒருவன் கூற, அவர் நகைத்து மறுத்தார். கூடையும் பந்தும் உள்ள ஆட்டம் கூடைப்பந்து என்றே பெயர் பெற்றது. அவ்வகுப்பிற் பயின்றவர்களும் அச்சங்கத்தின் கிளைகளும் சில ஆண்டுகளிலே அதனை நாடு கடந்து பரப்பினர். அவரோ அதனால் ஒரு காசும் ஈட்ட முயன்றிலர்.

1895இல் டென்வர் நகரஞ் சென்ற நெயிஸ்மித், சங்கத்திற் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் பயின்று, 1898இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கன்சாஸ் பல்கலைக் கழகம் அவரை அழைத்தது. வழிபாட்டை நடத்துதல், மாணவர்க்கு உடற்கல்வி பயிற்றுதல் ஆகிய இரண்டுமே அவருக்கு அளிக்கப்பட்ட பணிகள். கூடைப்பந்து அணியை நடத்தியது அவற்றின் பக்கத்தே வளர்ந்த சிறு பணியே.

1899 பெப்ரவரி 3ஆம் நாள் கன்சாஸ் கழக அணி தன் முதற்போட்டியை ஆடியது. எதிர்த்து நின்றது கன்சாஸ் நகரத்து வாலிபர் சங்க அணி. இவ்வாட்டத்தை ஆக்கியவரே ஓர் அணிக்கு ஆசான் என்றால், அவ்வணி எதிரியைத் தூளாக்கிவிடும் என்றன்றோ யாவரும் எண்ணுவர்? நிகழ்ந்தது வேறு. 16க்கு 5 என்ற கணக்கிலே கன்சாஸ் கழகம் தோற்றது. பதினொரு புள்ளி வித்தியாசம் இந்நாளிற் பெரிதன்று. இரு பக்கமும் சேர்ந்து 21 புள்ளிகளே பெற்ற அந்நாளிலோ அது படுதோல்வி.

பருவத்தின் முதல் ஆட்டத்தைக் கொண்டு அணியை அளப்போர் அன்று அங்கு இருந்திருப்பின், இவ்வணி இவ்வாண்டு தேறாது என்றே முடிவு கட்டியிருப்பர். ஆயின் அப்பருவம் முடிந்தபோது கணக்கு எவ்வாறு இருந்தது? ஆடிய ஆட்டங்கள் 11, வென்றவை 7, தோற்றவை 4. முதல் நாள் தோற்றவர்கள் எஞ்சிய பத்தில் ஏழை வென்றனர். இஃது அதிசயமன்று. கூடைப்பந்து ஐவர் ஒருவரையொருவர் அறிந்து ஆடும் ஆட்டம். பந்தைப் பெறுபவன் பார்ப்பதற்கு முன்பே தோழன் எங்கே நிற்பான் என அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு ஆடி ஆடியே வருவது. ஆதலின் தொடக்க ஆட்டம் ஓர் அணியின் முடிவைக் கூறுவதில்லை; இன்னும் பயிலவேண்டியது யாது என்பதையே கூறுகின்றது.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தல் ஆகாது. பின்வந்த பருவங்கள் எல்லாம் முதற்பருவம் போல அமைந்தில. 1907 வரை ஒன்பது பருவங்கள் நெயிஸ்மித் அவ்வணியைப் பயிற்றினார். மொத்த வெற்றி 55, தோல்வி 60. அக்கழகத்துக் கூடைப்பந்துப் பயிற்றுநர் வரிசையிலே, வெற்றியிலும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தை ஆக்கியவர்க்கே இந்நிலையா என்று வியப்போர் இன்றும் உளர்.

வியப்பு நீங்க வேண்டின் அவர் நோக்கத்தை அறிதல் வேண்டும். கூடைப்பந்து ஆடுவதற்கன்றிப் பயிற்றுவிப்பதற்கு உரியதன்று என்பது அவர் கொள்கை. உடலை வளர்ப்பதில் மற்போர் அதனினும் சிறந்தது எனவும் கருதினார். மாணவர் ஒவ்வொருவரின் உடலையும் அளந்து, குறையுடையோர்க்கு ஏற்ற பயிற்சியை வகுப்பதிலே அவர் சிந்தை சென்றது. தெரிவு செய்த சிலரை வெல்லச் செய்வதிலும், தெரிவு செய்யப்படாத பலரை நலமுறச் செய்வதே ஆசிரியர் கடன் என்று அவர் கொண்டார். இக்கொள்கையை முழுதும் ஏற்கவேண்டும் என நாம் கூறவில்லை. முறையான பயிற்சியால் அணி உயரும் என்பதைக் காட்டியவர் அவருடைய மாணவரே. அதுவும் அவர் கண்ணெதிரிலேயே காட்டினார்.

அம்மாணவர் பொறெஸ்ற் அலன். ஆசானின் கருத்தினின்றும் வேறுபட்ட அலன், 1907இல் அவர் இடத்தையே ஏற்றார். இடையிற் சில ஆண்டுகள் நீங்கிப் பின் 1919 முதல் 1956 வரை பணி தொடர்ந்து, கன்சாஸ் கழகத்திற்கு 590 வெற்றிகளைத் தேடித்தந்தார். தம் கொள்கையை மறுத்து வென்ற மாணவர்மீது நெயிஸ்மித் அழுக்காறு கொண்டாரல்லர். ஈருவரும் அவ்வளவிலே நெடுங்காலம் உடன் பணியாற்றினர். அலனிடம் பயின்ற அடொல்வ் றப், டீன் ஸ்மித் ஆகியோரும் பின்னாளிற் பெரும் பயிற்றுநர் ஆயினர்.

மற்றொரு மாணவரையும் இங்கே குறித்தல் வேண்டும். 1933இல் ஜோன் மக்லென்டன் என்னும் நீக்ரோ இனத்து இளைஞர் உடற்கல்வி பயிலக் கன்சாஸ் வந்தார். நிறவேற்றுமை அந்நாளில் அவரைக் கழக அணியிற் சேரவொட்டாது தடுத்தது. நெயிஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக அமைந்து, தாம் அறிந்ததை எல்லாம் கற்பித்தார். அணியில் ஆட இடம் பெறாத அம்மாணவர், பின்னர் ரெனசி மாநிலக் கல்லூரி ஒன்றின் பயிற்றுநராகி, 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசியப் பட்டத்தை வென்றார். 55, 60 என்னும் கணக்கேட்டில் இவ்வெற்றிகள் எழுதப்படவில்லை. ஆயினும் இவற்றை நெயிஸ்மித்தின் கணக்கிற் சேராதவை என்று யார் கூறுவர்?

முதல் உலகப் போர்க் காலத்தில் நெயிஸ்மித் பிரான்சு சென்று படைவீரரிடையே பணிபுரிந்தார். 1925இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1936இல் பேர்லின் ஒலிம்பிக் விழாவிலே கூடைப்பந்து முதன்முறை பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அமெரிக்கப் பயிற்றுநர்கள் நிதி திரட்டி முதியவரை அங்கு அனுப்பினர். 21 நாட்டு அணிகள் ஆடின. திறந்த வெளியில், மழையில், சேற்றில் நடந்த இறுதியாட்டத்தில் அமெரிக்கா கனடாவை 19க்கு 8 என வென்றது. பிறந்த நாடும் புகுந்த நாடும் தாம் ஆக்கிய ஆட்டத்தில் எதிரெதிர் நின்று ஆடியதைக் காணும் பேறு வேறு யாருக்கு வாய்த்தது?

1937இல் ஓய்வு பெற்ற டாக்டர் நெயிஸ்மித், 1939 நவம்பர் 28ஆம் நாள் கன்சாஸ் மாநிலத்து லோறன்ஸ் நகரில் இறைவனடி சேர்ந்தார். அக்கழகத்தின் ஆட்ட மண்டபம் அலன் பெயரையும், அதனுள் அமைந்த ஆடுதளம் நெயிஸ்மித் பெயரையும் தாங்கி நிற்கின்றன. பதின்மூன்று விதிகளும் பொறித்த மூலத்தாள்கள் 2010இல் ஏலத்திற்கு வந்தபோது, அக்கழகத்துப் பழைய மாணவர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் 43 இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்து வாங்கிக் கழகத்திற்கே உரிமையாக்கினர். அவை இன்று அம்மண்டபத்தின் அருகே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பழைய மாணவர் கடமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

எமது கல்லூரி அணிகளும் ஆண்டுதோறும் பருவம் தொடங்குகின்றன. சில வெல்கின்றன, சில தோற்கின்றன. வெற்றியை விரும்புதல் குற்றமன்று. அதற்காக உழையாமையே குற்றம். முதல் ஆட்டத்தில் வென்றோர் 1899ஆம் ஆண்டின் அணியை நினைந்து செருக்கு அடங்குக. தோற்றோர் அதே அணியை நினைந்து ஊக்கம் பெறுக. அணியிற் சேராது வேலியோரம் நின்று பார்க்கும் மாணவனையும் அருகழைத்துப் பந்தை அவன் கையிற் கொடுக்கும் ஆசிரியர்கள் எமது கல்லூரியில் என்றும் இருப்பாராக. அவர்கள் ஈட்டும் வெற்றி அறிவித்தற் பலகையில் ஏறாது போகலாம். பல ஆண்டுகள் கழித்து, எங்கோ ஓர் ஊரில், அவர்களின் மாணவர் வாழ்விலே அது காணப்படும்.