கடன் தீர்த்த பேரறிஞர் ஷும்பீட்டர்

பணம் உடையவரெல்லாம் தொழில் முனைவோர் ஆகிவிடுவதில்லை. புதிய பொருளொன்றைக் கண்டுபிடித்தவரெல்லாம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்து விடுவதும் இல்லை. அவ்வாறாயின், தொழில் முனைவோர் என்பவர் யார்? இவ்வினாவை நடுவில் வைத்து ஒரு பொருளியல் கோட்பாட்டையே கட்டியெழுப்பியவர் ஜோசப் ஷும்பீட்டர். இன்று பல்கலைக்கழகங்களில் தொழில் முனைவு தனியொரு பாடமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. அப்பாடத்தின் வேரைத் தேடிச் செல்வோர் இவரைக் கடந்து செல்ல இயலாது. அவருடைய நூல்களைப் போலவே அவர்தம் வாழ்வும் நாம் அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

1883ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மொராவியாப் பகுதியில், திரீஷ் என்னும் சிற்றூரில் ஷும்பீட்டர் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. தந்தையார் நெசவாலை நடத்தியவர். மகனுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே அவர் காலமானார். அன்னை யோஹன்னா மகனை அழைத்துக்கொண்டு கிராட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரை மணந்து வியன்னாவில் குடியேறினார். அதன் பயனாக, உயர்குடிப் பிள்ளைகள் பயின்ற தெரேசியானும் பள்ளியில் சிறுவனுக்கு இடம் கிடைத்தது.

வியன்னா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1906இல் முனைவர் பட்டம் பெற்றார். சிறிது காலம் எகிப்தின் கெய்ரோ நகரில் சட்டத் தொழில் புரிந்தார். ஆயினும் உள்ளம் பொருளியலையே நாடியது. 1909இல் செர்னோவிட்ஸ் பல்கலைக்கழகத்தில் இளம் பேராசிரியரானார். தம் மாணவர்கள் நூல்களைத் தாராளமாகப் பயன்படுத்த நூலகர் தடையாக இருந்ததால், அவரோடு வாட்போரே புரிந்தார் என்பர். வாளெடுத்ததை நாம் ஏற்பதற்கில்லை. எனினும், மாணவர் கையில் நூல் சென்று சேர வேண்டும் என்று அவர் கொண்ட வேட்கையை ஆசிரியப் பணி செய்தோர் நன்கு உணர்வர்.

புகழ் தந்த நூல்

1911இல், தமது இருபத்தெட்டாம் வயதில், பொருளாதார வளர்ச்சிக் கோட்பாடு பற்றிய நூலை ஷும்பீட்டர் வெளியிட்டார். அதன் சாரத்தை எளிமையாகக் கூறலாம்.

ஆண்டுதோறும் அதே பொருளை, அதே முறையில் செய்து, அதே மக்களிடம் விற்றுக்கொண்டிருக்கும் நாட்டில் வாழ்க்கை சுழலுமேயன்றி வளர்ச்சி தோன்றாது. அச்சுழற்சியை உடைப்பவரே தொழில் முனைவோர். அவர் செய்யும் புதுமைகளை ஷும்பீட்டர் ஐவகையாகப் பகுத்தார். புதிய பொருளைத் தருதல், புதிய உற்பத்தி முறையைக் கையாளுதல், புதிய சந்தையைத் திறத்தல், மூலப்பொருளுக்குப் புதிய இடத்தைக் காணுதல், ஒரு தொழிலின் அமைப்பையே புதிதாக்குதல் என்பன அவை. தபால் வண்டிகளை எத்தனை சேர்த்தாலும் அவை இரயில் பாதை ஆகிவிடா என்பது அவர் காட்டிய உவமை. இரயில் பாதைகளை அமைத்தவர்களும் பெரும்பாலும் பழைய வண்டிக்காரர்கள் அல்லர் என்பதையும் அவர் சுட்டினார்.

புதுமை செய்தவருக்கு முதலில் இலாபம் கிட்டும். பிறர் அதனைப் பார்த்துச் செய்யத் தொடங்கியதும் அவ்விலாபம் தேயும். எனவே, தொடங்கிய தொழிலை மற்றவரைப் போல வழக்கமாக நடத்தத் தொடங்கிய அன்றே ஒருவர் தொழில் முனைவோர் என்னும் நிலையை இழந்துவிடுகிறார். அது வாழ்நாள் முழுதும் நிலைக்கும் பட்டமன்று. செய்யும் வரையில் மட்டுமே உள்ள செயல்.

மற்றொரு கருத்து முக்கியமானது. புதுமை செய்வோரிடம் முதல் இருக்க வேண்டுவதில்லை. வங்கியாளர் கடன் தந்தால் போதும். ஆகவே முயற்சி தோற்றால், இழப்பு கடன் கொடுத்தவரையே சாரும் என்று அவர் கணித்தார்.

சோதனைக் காலம்

இக்கணிப்பைத் தம் வாழ்விலேயே எதிர்கொள்ள நேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல் சில மாதங்கள் ஆஸ்திரிய நிதியமைச்சராக இருந்து பதவி இழந்தார். 1921இல் வியன்னாவிலுள்ள பீடர்மன் வங்கியின் தலைவரானார். கடன் பெற்றும் பல தொழில்களில் முதலீடு செய்தார். 1924இல் வியன்னா பங்குச் சந்தை சரிந்தது. செல்வமும் போயிற்று, வங்கிப் பதவியும் போயிற்று; பெருங்கடன் மட்டும் எஞ்சியது.

1925இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அவ்வாண்டே அன்னி என்னும் இளம் பெண்ணை மணந்தார். ஆயின் 1926ஆம் ஆண்டின் கோடையில் அன்னையார் மறைந்தார். சில வாரங்களுக்குள் அன்னியும் பிரசவத்தில் இறந்தார். பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. ஒரே கோடையில் மூன்று இழப்புகள்! அத்துயரம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அந்நிலையிலும் கடனை அவர் மறக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். இதழ்களுக்கு ஓயாமல் கட்டுரை எழுதினார். அவ்வருவாயைக் கொண்டு பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கடனைத் திருப்பிச் செலுத்தினார். இழப்பு கடன் கொடுத்தவருக்கே என்று ஏட்டில் எழுதியவர், வாழ்வில் அவ்விழப்பைப் பிறர் தலையில் சுமத்த உடன்படவில்லை.

ஹார்வர்டு நாட்கள்

1932இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1937இல் எலிசபெத் பூடி என்னும் பொருளியல் அறிஞரை மணந்தார். பால் சாமுவேல்சன், ஜேம்ஸ் டோபின் போன்றோர் அங்கு அவரிடம் பயின்று, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர்.

1942இல் வெளியான நூலில், புதியது பிறக்கும்போது பழையது அழிவதை ஆக்க அழிவு என்னும் கருத்தால் விளக்கினார். புதிய ஆலை எழுந்தால் பழைய பட்டறை மூடப்படும். வளர்ச்சிக்கும் துன்பத்திற்கும் ஊற்று ஒன்றே. தனி மனிதர் செய்த புதுமைப் பணியைப் பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் ஏற்றுக்கொள்ளும் என்றும் அந்நூலில் எழுதினார். இளமையில் தாம் கூறியதைக் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

கோட்பாடு மட்டும் போதாது, தொழில் முனைவோரின் மெய்யான வரலாறுகளையும் ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. 1948இல் ஆர்தர் கோல் தலைமையில் ஹார்வர்டில் தொழில் முனைவு வரலாற்று ஆய்வு மையம் தோன்றியபோது, ஷும்பீட்டர் அதற்குத் துணைநின்றார். பத்தாண்டுகள் இயங்கிய அம்மையம் இத்துறை ஆய்வுக்கு வித்திட்டது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். முடிவுறாதிருந்த பொருளியல் ஆய்வு வரலாற்றை மனைவியார் பதிப்பித்தார். அவரும் 1953இல் மறைந்தபின், 1954இல் அந்நூல் வெளிவந்தது. ஆக்க அழிவின் வழியே நிலைத்த வளர்ச்சி உண்டாவதைக் கணிதத்தால் விளக்கிய அகியோன், ஹோவிட் ஆகிய இருவரும் 2025இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நம் வீட்டுப் பிள்ளைகள் புதுத்தொழில் தொடங்க விழையும்போது, கையில் முதல் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை என்பதை ஷும்பீட்டரின் நூல் கற்பிக்கிறது. தோற்றாலும், பட்ட கடனைத் தீர்த்து நிமிர்ந்து நிற்க இயலும் என்பதை அவர் வாழ்வு கற்பிக்கிறது. பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லித் தருவோம்.