விடியலுக்கு முன் மற்களத்தில் இறங்கிய பேரரசர்: கிருஷ்ணதேவராயரின் அதிகம் பேசப்படாத பக்கம்

திருப்பதி: திருமலை ஏழுமலையான் கோயிலின் மகாத்துவாரத்தைக் கடந்து உள்ளே செல்லும் பக்தர்கள், வரிசை நகரும் வேகத்தில் வலப்பக்கம் நிற்கும் மூன்று உலோகச் சிலைகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நடுவில் கைகூப்பிய ஓர் ஆண். இருபுறமும் கைகூப்பிய இரு பெண்கள். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரும் அவருடைய அரசியர் திருமலாதேவி, சின்னாதேவி ஆகியோருமே அவர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இவர் தெனாலிராமன் கதைகளின் அரசராகவே முதலில் அறிமுகமாகிறார். ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் காவியமாகப் பாடியவர், சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்தைக் கட்டுவித்தவர், திருவண்ணாமலையின் 217 அடி உயர ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் என்பன அதன்பின் தெரியவருபவை. கைகூப்பி நிற்கும் அந்த உடல் எவ்வாறு உருவானது என்பதை இவை எதுவும் கூறுவதில்லை. அதற்கு விடை, விஜயநகரத்துக்கு வந்து சென்ற டொமிங்கோ பயஸ் என்னும் போர்த்துகீசியப் பயணி 1520ஆம் ஆண்டையொட்டிய தமது நாள்களைப் பற்றி எழுதிய குறிப்புகளில் உள்ளது. பாரிஸ் நூலகம் ஒன்றில் கிடந்த அந்தக் கையெழுத்துப் படி, சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ராபர்ட் சீவெல் 1900ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் மூலமே பரவலாக அறியப்பட்டது.

எண்ணெய், எடை, வாள், மல்

பயஸ் தரும் விவரங்களின்படி, அரசரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் நல்லெண்ணெயை அருந்துவார். அதே எண்ணெயை உடல் முழுவதும் பூசிக்கொள்வார். இடையில் சிறு துணி மட்டும் அணிந்து, மண்ணால் செய்த கனமான எடைகளைக் கைகளில் ஏந்திப் பயிற்சி செய்வார். பின்னர் வாளை எடுத்து, பூசிய எண்ணெய் முழுவதும் வியர்வையோடு வெளியேறும் வரை சுழற்றுவார். அதன் பிறகே தம் மல்லர்களில் ஒருவருடன் மற்போரில் இறங்குவார். மற்போர் முடிந்ததும் குதிரையேறி, பொழுது புலரும் வரை சமவெளியில் விரைவார். நீராட்டும் வழிபாடும் அரசு அலுவல்களும் அதற்குப் பின்னரே.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய் வழியும் உடலை எவராலும் பற்ற முடியாது. கையும் காலும் நழுவும். மற்போருக்கு உயிர்நாடி பிடியே. வாள் சுழற்றி வியர்த்து எண்ணெய் அகன்ற பின், சூடேறித் தளர்ந்த தசைகளுடன், ஒருவரை ஒருவர் உண்மையாகப் பற்றக்கூடிய நிலையில் மற்போர் தொடங்குகிறது. இது அரண்மனைச் சடங்கு அன்று; பயிற்சி அறிந்த ஒருவர் வகுத்த ஒழுங்கு என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அரசரிடம் ஊதியம் பெறும் மல்லர், தம் தலைவரை ஓங்கித் தரையில் அறைந்திருப்பாரா என்று ஐயுறலாம். நியாயமான ஐயமே. ஆயினும் வாட்பயிற்சியில் விட்டுக்கொடுப்பதைப் போல மற்பிடியில் எளிதில் விட்டுக்கொடுக்க இயலாது. எதிராளியின் எடை மார்பின் மீது அழுந்தும்போது மூச்சு திணறத்தான் செய்யும், கீழே கிடப்பவர் அரசரே ஆனாலும்.

பாரத மண்ணில் மற்கலை அப்போதே பழமையானது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் இயற்றிய மானசோல்லாசம், மல்லர்களை வயது, உடற்கட்டு, வலிமை, திறன் ஆகியவற்றால் வகைப்படுத்தி, அவர்களுக்கான உணவையும் பயிற்சியையும் விரிவாகப் பேசுகிறது. அந்தக் கன்னட நாட்டு மரபே விஜயநகர அரண்மனைக்கும் வந்து சேர்ந்தது.

இன்றைய இளைஞர்கள் நகரப் பயிற்சிக் கூடங்களில் கற்கும் பிரேசிலிய ஜியு ஜிட்சுவோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். ஜப்பானிய வீரர் மிட்சுயோ மயேடா 1914ஆம் ஆண்டு பிரேசில் சென்ற பின், கிரேசி குடும்பத்தினர் வளர்த்தெடுத்த கலை அது. அதில் மல்லாந்து கிடப்பவர் தோற்றவர் அல்லர். தம் இரு கால்களால் எதிராளியை வளைத்துத் தடுப்பது கார்டு. அங்கிருந்தே எதிராளியைப் புரட்டி மேலேறுவது ஸ்வீப். மேலிருப்பவர் அந்தக் கால்வேலியைத் தாண்டிப் பக்கவாட்டில் அழுத்துவது பாஸ். மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ எதிராளியைக் கையால் தட்டிப் பணியச் செய்வது சப்மிஷன். நம் நாட்டுக் குஸ்தியிலோ முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்னும் பழமொழியின் கேலி, களத்தில் மண் ஒட்டுவதே தோல்வியின் அடையாளமாக இருந்த காலத்தை நினைவூட்டுகிறது. பூட்டும் பிடியும் நம் மரபிலும் உண்டு; மல்லாந்த நிலையைக் கோட்டையாக்கும் எண்ணமே பிரேசிலியரின் தனிச் சிறப்பு.

ஆட்டின் கண்கள்

துளுவ மரபைச் சேர்ந்த நரச நாயக்கருக்கும் நாகலாதேவிக்கும் பிறந்தவர் கிருஷ்ணதேவராயர். தாயின் நினைவாக அவர் எழுப்பிய வேதநாராயணர் கோயில், தமிழக எல்லையை ஒட்டிய நாகலாபுரத்தில் உள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. இளமையில் அவர் திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையில் வாழ்ந்தார் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை.

அரியணை அவருக்கு எளிதில் கிட்டவில்லை. மூத்தவரான வீரநரசிம்மர் 1509ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, தம் எட்டு வயது மகனே அரசாள வேண்டும் என விரும்பினார். தம்பியின் கண்களைப் பிடுங்கி வந்து காட்டுமாறு அமைச்சர் சாளுவ திம்மரசுக்கு ஆணையிட்டார். திம்மரசு இளவரசரை மறைத்துவைத்து, ஓர் ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டினார் என்கிறார் பிற்காலத்தில் விஜயநகரம் வந்த குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ். அவ்வாறு பிழைத்த கண்களுடன்தான் கிருஷ்ணதேவராயர் முடிசூடினார். தமக்கு வாழ்வளித்த அமைச்சரை அவர் அப்பாஜி என்றே அழைத்தார்.

1513 பிப்ரவரி 10 அன்று முதன்முறையாகத் திருமலைக்கு வந்த பேரரசர், 1521 பிப்ரவரி வரை ஏழு முறை வந்து வழிபட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அந்தப் பயணங்கள் போர்களோடு பின்னிப் பிணைந்தவை. ஒடிசாவை ஆண்ட கஜபதி மன்னர் பிரதாபருத்திரரின் வசமிருந்த உதயகிரிக் கோட்டை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பின் 1514 ஜூனில் வீழ்ந்தது. அடுத்த மாதமே, ஜூலை 6 அன்று, பேரரசர் திருமலையில் 30,000 பொன் வராகன்களால் இறைவனுக்குக் கனகாபிஷேகம் செய்தார். 1517 ஜனவரியில் அமைந்தது ஆறாவது வருகை. அடுத்த ஆண்டில் ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். காளஹஸ்தியில் 1516ஆம் ஆண்டு அவர் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இன்று அங்கு நிற்பது புதிய கோபுரம்.

வாளெடுக்க மறுத்த இளவரசர்

1515ஆம் ஆண்டு கொண்டவீடு கோட்டை பிடிபட்டபோது கஜபதியின் மகன் வீரபத்திரரும் சிறைப்பட்டார். வாளிலும் குறுவாளிலும் தேர்ந்தவர் எனப் புகழ்பெற்றவர் அவர். அத்திறனைக் காண விரும்பிய கிருஷ்ணதேவராயர், தம் ஆட்களில் வாட்போர் வல்ல ஒருவரை அவருக்கு எதிரே நிறுத்தினார். எதிரில் நிற்பவர் அரச குருதியில் வந்தவர் அல்லர் என்பதைக் கண்ட இளவரசர், தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக அதைக் கருதி உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது நூனிஸ் எழுதிய செய்தி. ஆனால் 1516ஆம் ஆண்டின் கன்னட நாட்டுக் கல்வெட்டு ஒன்று, அதே வீரபத்திரரைப் பேரரசரின் கீழ் ஒரு சீமையை ஆள்பவராகக் குறிப்பிடுவதால், நூனிஸின் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

கதை எவ்வாறாயினும், அதிலுள்ள முரண் கவனத்துக்குரியது. அரச குலத்தவர் அல்லாதவரோடு வாள் மோதுவதே இழுக்கு என எண்ணிய இளவரசர் ஒருபுறம். ஊதியம் பெறும் மல்லர் ஒருவரின் வியர்வை தம் மீது படிய, நாள்தோறும் மற்போர் புரிந்த பேரரசர் மறுபுறம். பயிற்சிக் களத்தில் ஒரு வல்லவரின் எதிரே மற்றொரு வல்லவரை நிறுத்துவது பேரரசருக்கு இயல்பான செயலாக இருந்திருக்கக் கூடும். அதே செயல் வேறொருவருக்கு மரண அவமானமாகப் படும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

அரண்மனையில் நடந்த மற்போர் மென்மையானது அன்று. மகாநவமித் திருவிழாவில் மல்லர்கள் பற்கள் உடையவும் கண்கள் பறிபோகவும் முகம் சிதையவும் மோதியதையும், சிலர் பேச்சற்ற நிலையில் தூக்கிச் செல்லப்பட்டதையும் பயஸ் நேரில் கண்டார். வீழ்த்தும் பிடிகளும் அவற்றில் இடம்பெற்றன. களத்தில் நடுவர்கள் இருந்தனர். அரண்மனைக்கு ஆயிரம் மல்லர்கள் இருந்தனர் என்றும், கூர்முனை வளையங்களைக் கையில் ஏந்தி மோதிய அவர்களுள் அதிகக் காயமுற்றவரே பட்டுத் துணியைப் பரிசாகப் பெற்றார் என்றும் நூனிஸ் எழுதுகிறார். வென்றவருக்கு அன்றி வலி தாங்கியவருக்குப் பரிசு அளித்த அந்த வழக்கம், இன்றைய விளையாட்டு விதிகளுக்குப் பழகிய நமக்கு வியப்பளிக்கும்.

ராய்ச்சூரும் அதன் பின்னும்

1520ஆம் ஆண்டு மே மாதம் ராய்ச்சூரில் பிஜாப்பூர் சுல்தான் இஸ்மாயில் அடில்ஷாவுடன் நடந்த போரே அவருடைய வாழ்வின் மாபெரும் சோதனை. எதிரியின் பீரங்கிகள் முழங்கியதும் விஜயநகரத்தின் முன்னணிப் படை சிதறிப் பின்வாங்கியது. அந்த நேரத்தில் பேரரசர் தம் மோதிரத்தைக் கழற்றிப் பணியாளர் ஒருவரிடம் தந்தார். தாம் மாண்டால் அதனை அரசியரிடம் அடையாளமாகக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர் குதிரையேறி, எஞ்சிய படைகளைத் திரட்டி முன்னேறினார். சுல்தானின் சேனை கிருஷ்ணா நதி வரை விரட்டப்பட்டது. தொடர்ந்து நடந்த கோட்டை முற்றுகையில், போர்த்துகீசியரான கிறிஸ்டோவாவோ டி பிகெய்ரெடோவின் துப்பாக்கி வீரர்கள் துணைநின்றனர்.

நடுத்தர உயரம், சிவந்த நிறம், சற்றே பருத்த உடல், முகத்தில் அம்மைத் தழும்புகள். பயஸ் தீட்டிய இச்சித்திரத்தில் மலர்ந்த முகமும் விருந்தினரிடம் காட்டிய பரிவும் உண்டு. திடீரென மூளும் கடுஞ்சினமும் உண்டு. அந்தச் சினம் இறுதியில் மிக நெருக்கமானவர் மீதே பாய்ந்தது.

1524ஆம் ஆண்டு தம் ஆறு வயது மகன் திருமலைக்கு முடிசூட்டிவிட்டு, தாம் அமைச்சராக விலகி நின்றார் பேரரசர். எட்டு மாதங்களில் சிறுவன் நோயுற்று இறந்தான். திம்மரசுவின் மகனே நஞ்சூட்டினார் என்ற செய்தி அரசரின் செவியை எட்டியது. திம்மரசு குடும்பத்தோடு சிறையிடப்பட்டார். பின்னர் அவருடைய கண்கள் பறிக்கப்பட்டன என்கிறார் நூனிஸ். ஓர் ஆட்டின் கண்களைக் காட்டி இளவரசரின் பார்வையைக் காத்த மனிதருக்கு, அந்த இளவரசர் அளித்த தண்டனை இது. குற்றம் நடந்ததா என்பது அன்றே உறுதிப்படாத நிலையில், கிருஷ்ணதேவராயரின் புகழைப் பேசும் எவரும் இந்த இருளைத் தாண்டிச் செல்ல இயலாது.

பெல்காம் மீது படையெடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த பேரரசர் நோயுற்று, 1529ஆம் ஆண்டு மறைந்தார். சந்திரகிரியில் காவலில் வைக்கப்பட்டிருந்த அச்சுதராயர் அரியணை ஏறினார். 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகரம் அழிந்தது. மகாநவமிக் கொண்டாட்டத்தை மைசூரு உடையார்கள் தமதாக்கிக்கொண்டு, 1610ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவாகத் தொடர்ந்தனர். இன்றும் விஜயதசமி அன்று மைசூரு அரண்மனை முற்றத்தில் ஜெட்டி மரபினர் தலையை மழித்து, வஜ்ரமுஷ்டியைக் கையில் பூட்டி, மண் களத்தில் மோதுகின்றனர். முதல் துளிக் குருதி தெரிந்ததும் போட்டி நிறுத்தப்படுகிறது.