மோரிட்ஸ் யாக்கோபி

மோரிட்ஸ் ஹெர்மன் வான் யாக்கோபி (செப்டம்பர் 21, 1801 – மார்ச் 10, 1874) பிரசியாவில் பிறந்து உருசியாவில் பணியாற்றிய பொறியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். மின்னோடி பூட்டிய படகில் பயணிகளை ஏற்றி ஆற்றில் ஓட்டிக் காட்டிய முன்னோடியாக இவர் அறியப்படுகிறார்.

இளமைக்காலம்

யாக்கோபி பொட்ஸ்டாம் நகரில் பிறந்தார். கணிதவியலாளர் கார்ல் குஸ்டாவ் யாக்கோபி இவருடைய தம்பி. கட்டடக்கலை பயின்ற மோரிட்ஸ், 1833 இல் தம்பி பணியாற்றிய கோனிக்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். அங்கு 1834 இல் சுழலும் மின்னோடி ஒன்றை உருவாக்கினார். அதன் திறன் ஏறத்தாழ 15 வாட்டு மட்டுமே. 1835 இல் டோர்பாட் (இன்றைய எசுத்தோனியாவின் தார்த்து) பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியரானார்.

நேவா ஆற்றில் மின்படகு

பேரரசர் முதலாம் நிக்கலாசின் அரசு நிதியளிக்க, யாக்கோபி சென் பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1838 செப்டம்பரில், சுமார் 8 மீட்டர் நீளமுள்ள படகில் பன்னிரண்டு பேர் வரை ஏற்றி நேவா ஆற்றில் ஓட்டினார். 320 இணைத் தகடுகள் கொண்ட, ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையுள்ள மின்கல அடுக்கு படகின் இரு பக்கங்களிலும் வைக்கப்பட்டிருந்தது. வேகம் மணிக்கு 2.5 கிலோமீட்டர் அளவே இருந்தது. இது மனிதர் நடக்கும் வேகத்தை விடக் குறைவாகும்.

1839 இல் துத்தநாகமும் பிளாட்டினமும் கொண்ட குரோவ் மின்கலங்களைப் பயன்படுத்தி வேகத்தை மணிக்கு 4 கிலோமீட்டர் வரை உயர்த்தினார். ஆனால் இக்கலங்களில் உள்ள நைத்திரிக் அமிலத்திலிருந்து எழுந்த நச்சுப்புகை படகில் இருந்தோருக்குத் தொல்லையாக அமைந்தது.

கைவிடப்பட்ட காரணம்

இக்கலங்களை மறுமின்னேற்றம் செய்ய இயலாது. துத்தநாகமே இங்கு எரிபொருளாகக் கரைந்து தீர்ந்தது. அத்துத்தநாகத்தை உருக்கிப் பிரிக்கவே நிலக்கரி தேவைப்பட்டதால், நிலக்கரியை நேரடியாக எரிக்கும் நீராவிப் படகை விட இதன் செலவு பன்மடங்கு கூடுதலாக இருந்தது. எனவே மின்னோடி இயங்கியபோதும் மின்படகு நடைமுறைக்கு வரவில்லை.

பிற பணிகள்

1838 இல் மின்வழி உலோகப் படிவு முறையைக் கண்டறிந்தார். அச்சுத் தகடுகளை நகலெடுக்க இம்முறை பயன்பட்டது. இதற்காக 1840 இல் தெமிதோவ் பரிசு பெற்றார். மின்மூலத்தின் உள்தடையும் சுமைத்தடையும் சமமாக இருக்கும்போது சுமைக்குப் பெருமத் திறன் கிடைக்கும் என்ற விதி இவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. தந்திக் கருவிகளையும் வடிவமைத்தார். சென் பீட்டர்ஸ்பர்க்கில் மறைந்தார்.

பிற்கால வளர்ச்சி

1859 இல் காஸ்டன் பிளான்டே மறுமின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். 1881 இல் குஸ்தாவ் துரூவே பாரிசின் சீன் ஆற்றில் மின்படகு ஓட்டினார். இந்தியாவில் 2017 இல் கேரளத்தின் வைக்கம் – தவணக்கடவு இடையே, 75 பேர் பயணிக்கக்கூடிய 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் மின்படகு சேவைக்கு வந்தது. யாக்கோபியின் படகைத் தடுத்தது மின்னோடியன்று, மின்கலமே என்பதை இவ்வளர்ச்சி காட்டுகிறது.