செங்கல் சூளையில் எழுந்த பள்ளிக்கூடம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் தெருப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவுரை தவறாமல் வந்து சேரும். பெரிய படிப்பெல்லாம் எதற்கு, ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள் என்பார்கள். சொல்பவர் தன் பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டார். அதனால்தான் தொழிற்கல்வி என்றாலே நமக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், தொழிலையே படிப்பாக்கி, அடிமைகளின் பிள்ளைகளைத் தலைநிமிர வைத்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். புக்கர் டி. வாஷிங்டன் என்பது அவர் பெயர். அவர் வென்ற இடமும் சறுக்கிய இடமும் நமக்குப் பாடம்.

1856-ல் வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் அடிமையாகப் பிறந்தார். தாய் ஜேன் அந்தப் பண்ணையின் சமையல்காரி. தந்தை யாரென்று அவருக்குத் தெரியாது. ஒரு வெள்ளையர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனது. அங்கே சிறுவன் புக்கர் உப்புக் காய்ச்சும் உலையில் வேலை செய்தார், பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். உப்புப் பீப்பாய்களில் குறித்திருந்த 18 என்ற எண்தான் அவர் படித்த முதல் எழுத்து.

கறுப்பின மாணவர்களுக்காக ஹாம்ப்டனில் ஒரு பள்ளி நடப்பதைச் சுரங்கத்தில்தான் கேள்விப்பட்டார். 1872-ல் புறப்பட்டார். ஏறக்குறைய 500 மைல் தூரம். கையில் காசு தீர்ந்ததும் ரிச்மண்ட் நகரில் பலகை நடைபாதைக்கு அடியில் படுத்து உறங்கினார். பகலில் கப்பலில் சுமை இறக்கினார். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் மிச்சம் 50 சென்ட்.

அங்கே ஆசிரியை அவரிடம் துடைப்பத்தைக் கொடுத்து ஒரு வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார். அவர் மூன்று முறை பெருக்கினார், நான்கு முறை தூசி துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் தடவிப் பார்த்தார். அழுக்கு ஒட்டவில்லை. இடம் கிடைத்தது. இதைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு கனக்கும். நம் ஊரில் துடைப்பம் பிறப்பைப் பார்த்துக் கையில் திணிக்கப்படுகிறது. தலைமுறை தாண்டியும் கீழே இறங்குவதில்லை. அவருக்கோ அந்தத் துடைப்பம் வகுப்பறையின் கதவைத் திறந்தது. பள்ளியில் துப்புரவு வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டி, 1875-ல் படிப்பை முடித்தார்.

இனி டஸ்கீகி. அலபாமா மாநிலத்தின் சிற்றூர் அது. லூயிஸ் ஆடம்ஸ் என்ற முன்னாள் அடிமை அங்கே தகர வேலை செய்து பிழைத்தவர். 1880 தேர்தலில் கறுப்பர் ஓட்டுக் கேட்டு வந்த வெள்ளை அரசியல்வாதியிடம் அவர் பணம் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்டார். ஆண்டுக்கு 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1881 ஜூலை 4 அன்று, 25 வயது வாஷிங்டன் 30 மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கினார். ஒழுகும் கூரை. மழை வந்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார்.

கைவிடப்பட்ட பண்ணை ஒன்றைக் கடன் பெற்று 500 டாலருக்கு வாங்கினார்கள். கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். மாணவர்களே மண் குழைத்தார்கள். முதல் இரண்டு சூளைகளும் வீணாயின. மூன்றாவது, வெந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். அது வெந்தது. கடிகாரத்தை மீட்கவே முடியவில்லை. ஆனால், சுற்றுவட்டார வெள்ளையர்களே செங்கல் வாங்க அந்தப் பள்ளிக்கு வந்தார்கள்.

பெற்றோர் எதிர்த்தார்கள். காலமெல்லாம் நாங்கள் வேலை செய்தது போதாதா, பிள்ளைக்குப் புத்தகம் கொடுங்கள் என்றார்கள். நம் தாய்மார்களும் அதைத்தான் சொல்வார்கள். வாஷிங்டன் புத்தகத்தையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை. பணமில்லாத மாணவர்களுக்கு இரவுப் பள்ளி வைத்தார்: பகலில் 10 மணி நேரம் தொழில், இரவில் 2 மணி நேரம் பாடம். அந்த உழைப்பின் கூலி பிற்பாடு பகல் பள்ளியில் படிக்கும்போது ஆகும் செலவுக்கு வரவு வைக்கப்பட்டது. தச்சு, கொல்லு, அச்சு, வண்டி செய்தல், தையல் எல்லாம் அங்கே பாடங்கள். வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-ல் வந்து சேர்ந்தார்.

சறுக்கல் 1895-ல் நடந்தது. அட்லாண்டாவில் வெள்ளையர் நிறைந்த சபையில் பேசிய அவர், கறுப்பர்கள் இப்போதைக்கு அரசியல் உரிமையையும் சமூக சமத்துவத்தையும் வற்புறுத்தாமல் தொழிலில் முன்னேறட்டும் என்ற பொருளில் பேசினார். கைதட்டல் வானைப் பிளந்தது. 1901-ல் அலபாமாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பரின் ஓட்டைப் பறித்தது. டு போய்ஸ் என்ற அறிஞர் 1903-ல் அவரை வெளிப்படையாகக் கண்டித்தார்: ஓட்டும் உயர்கல்வியும் இல்லாத தொழிலாளியால் தன் சொத்தைக்கூடக் காக்க முடியாது என்பது அவர் வாதம். அந்த வாதம் சரி என்பதே நம் கருத்து. ஓட்டில் பிறந்த பள்ளியின் தலைவரே ஓட்டைப் பின்னுக்குத் தள்ளலாமா? ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டுரிமை வழக்குகளுக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்தார் என்பது அவர் இறந்த பிறகு கடிதங்களிலிருந்து தெரியவந்தது.

1915 நவம்பர் 14 அன்று டஸ்கீகியிலேயே இறந்தார். 30 பேரோடு தொடங்கிய பள்ளியில் அப்போது சுமார் 1,500 மாணவர்கள். இன்று அது பல்கலைக்கழகம்.

நம் மாநிலத்தில் 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. குலக்கல்வி பிள்ளையை அப்பன் தொழிலோடு கட்டிப்போட்டது. டஸ்கீகி, பருத்தி எடுத்தவன் மகனை அச்சுக் கோக்கவும் வீடு கட்டவும் வைத்தது.

ஆகவே மாணவர்களே, தொழில் கற்கக் கூச்சப்படாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியலுக்கும் போகலாம். சேரும் முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தத் தொழிலை நான் தேர்ந்தெடுத்தேனா, என் சாதியைப் பார்த்து யாரோ தேர்ந்தெடுத்தார்களா? இதற்கு மேலே ஏற எனக்குப் படி இருக்கிறதா? சூளையில் செங்கல் வேகட்டும். ஓட்டுச் சீட்டை மட்டும் யாருக்காகவும் அதில் போட்டுவிடாதீர்கள்.