பொய்கையாழ்வாரும் நூறு வெண்பாக்களும்

காஞ்சிபுரத்தின் 14 திவ்யதேசங்களுள் ஒன்றான திருவெஃகாவில், பொய்கைத் தாமரையில், ஐப்பசித் திருவோணத்தன்று பாஞ்சஜந்யத்தின் அம்சமாகத் திருவவதரித்தருளியவர் பொய்கையாழ்வார். ஸம்ப்ரதாயம் துவாபர யுகம் என்கிறது; வரலாற்றாசிரியர் பலர் பல்லவர் காலம் என்பர். அவருடைய வாழ்க்கைச் செய்திகளாக நாம் எழுதத்தக்கவை மிகச் சிலவே.

திருக்கோவலூர் இடைகழியை அடியார்கள் அனைவரும் அறிவர். மழையிரவில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க இடமிருந்த அவ்விடத்தில் நான்காமவராக ஒருவர் வந்து நெருக்கினார். அவர் யாரென்று காணப் பூமியை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றியவர் நம் ஆழ்வார். அதுவே முதல் திருவந்தாதியின் முதற்பாசுரம். ஆனால் அவ்விரவின் கதையை அவர் எங்கும் விரித்துரைக்கவில்லை. 86-ஆம் பாசுரத்தில், பிராட்டியோடு எம்பெருமான் உள்ளே புகாமலும் வெளியே போகாமலும் கோவல் இடைகழியைப் பற்றி நின்ற நிலையை மட்டும் பேசுகிறார். மழையில்லை, உடனிருந்த பூதத்தார், பேயாரும் இல்லை, தாமும் இல்லை. 77-ஆம் பாசுரத்தில், தாம் பிறந்த வெஃகாவையும் வேங்கடம், விண்ணகர், கோவல் ஆகியவற்றோடு ஒன்றாக வைத்து, அங்கே அவன் கிடந்தான் என்றளவில் நிறுத்திக்கொள்கிறார். ஊர்ப் பெருமை பேசும் காஞ்சிக்காரர் நமக்கு இது சற்று ஏமாற்றமே!

ஒரு வெண்பாவுக்கு 15 சீர்கள்; 100 பாசுரங்களுக்கு 1500. வங்கிக் கணக்கில் பழகிய நாம் கூட்டிப் பார்த்தது இது. ஆழ்வார் அருளிச்செய்தது இவ்வளவே. நாதமுனிகள் தொகுத்த நாலாயிரத்தில் இது இயற்பாவின் தொடக்கம். பண்ணும் தாளமும் வேண்டாது, வெண்பாவின் செப்பலோசையே இதற்குப் போதும். பண்ணில்லை என்பதனால் சில கோஷ்டிகளில் இதை விரைந்து சொல்லி முடித்துவிடுகின்றனர். அது நமக்கு உவப்பன்று. பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானத்தை அருகில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஐந்து பாசுரமாக ஓதினால் இருபது நாளில் நிறைவுறும்.

நெசவாளர் சேலையின் உடலையும் கரையையும் கோர்வையால் இணைப்பதுபோல் ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தில் பிணைந்துள்ளது. நூறாவது பாசுரத்தின் இறுதிச் சொல் முதற்பாசுரத்தின் முதற்சொல்லில் மீண்டும் ஒலிக்கிறது. இருபத்தோராம் நாள் அங்கிருந்தே தொடரலாம்.