தி.நகரில் இருக்கும் ‘தி’ யார்?



தீபாவளிக்குத் துணி எடுக்க நம்ம மண்ணூர்பேட்டையில் இருந்து பஸ் ஏறி தி.நகர் போகிறோம். அந்த ‘தி’ யாருன்னு எங்க அம்மாவிடம் கேட்டேன். தெரியாதுன்னு சொன்னாங்க. இத்தனைக்கும் அம்மா எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி டெய்லர். அவரும் துணித் தொழில் செய்தவர்தான்! அவர் பெயர் சர் பிட்டி தியாகராயர்.

27.4.1852 அன்று வடசென்னை கொருக்குப்பேட்டையில் பிறந்தார். நெசவு செய்யும் தேவாங்கர் குலம். 1876-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்து பி.ஏ.வுக்கு சர்க்கார் வேலை சுலபமாகக் கிடைக்கும். ஆனா இவர் தறியை விடலை. சீமை மில் துணி வந்து குவிந்த நேரத்தில் சுமார் 100 கைத்தறிகள் வைத்து நெசவுக்கூடம் நடத்தினார். தோல், உப்பு வியாபாரமும் உண்டு. 1909-ல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தொடங்கியபோது இவரே முதல் தலைவர்.

முதலில் காங்கிரசில்தான் இருந்தார். படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் பிராமணர் அல்லாதவருக்கு இடம் ரொம்பக் குறைவு என்ற வருத்தத்தில், 20.11.1916 அன்று டாக்டர் டி.எம்.நாயர், டாக்டர் நடேச முதலியாரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தொடங்கினார். ‘ஜஸ்டிஸ்’ என்று அவர்கள் நடத்திய பத்திரிகையால் ஜஸ்டிஸ் கட்சி என்றே பெயர் நிலைத்தது.

1920 தேர்தலில் இந்தக் கட்சி ஜெயித்தது. கவர்னர் வில்லிங்டன் இவரைத்தான் முதலமைச்சர் ஆகக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். நாம கிளாஸ் லீடர் பதவிக்கே எவ்வளவு சண்டை போடுறோம்? அந்த ஆட்சியில்தான் 1921-ல் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. சொத்து உள்ளவங்களுக்கு மட்டும்தான். அது எனக்குப் பிடிக்கலை.

சென்னை மாநகராட்சியில் 1882 முதல் சுமார் 40 வருடம் உறுப்பினர், பிறகு தலைவர். நான் இவரைப் பற்றி எழுதக் காரணமே இதுதான். இவர் தலைவராக இருந்தபோது 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு போட்டார்கள். தலைக்கு ஒரு அணாவுக்குள் செலவு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. பிறகு இன்னும் நாலு பள்ளிக்கும் வந்தது. 1922-23-ல் அந்தப் பள்ளிகளில் 811 பேர். இரண்டே வருடத்தில் 1,671! மணி அடிச்சதும் நாம தட்டைத் தூக்கிட்டு ஓடுறோமே, அதுபோல அவங்களும் ஓடியிருப்பாங்க. கல்வி நிதியில் சாப்பாட்டுச் செலவு செய்யக்கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்ததால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. அத்தனை பேரும் பசியோடு என்ன செய்தார்களோ. காமராஜர் 1956-ல் மதிய உணவு கொண்டு வர 31 வருடம் ஆனது.

அதே 1925-ல் தியாகராயரும் 73 வயதில் காலமானார். மாம்பலம் ஏரி இருந்த பக்கம் புதுசாக உருவான ஊருக்கு இவர் பெயர் வைத்தார்கள். சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைக்கு நடந்தே போகலாம். அங்கே இவர் சிலை நிற்கிறது.