பிளெமிங் சொன்ன கணவன்-மனைவி கதை

பெனிசிலின் மருந்தைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் 1881-ம் ஆண்டு பிறந்தார். பிழைப்புக்காக லண்டன் வந்து, கப்பல் கம்பெனியில் நாலு ஆண்டு குமாஸ்தாவாக இருந்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணம் கிடைத்தது. அதைக் கொண்டு டாக்டருக்குப் படித்தார்.

முதல் உலகப்போரில் ராணுவ டாக்டராகப் பிரான்சு சென்றார். காயத்தில் சீழ் பிடித்து வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க மருந்து இல்லை.

தட்டில் பூசணம்

1928 செப்டம்பர் மாதம். விடுமுறை முடிந்து பிளெமிங் ஆய்வுக்கூடம் திரும்பினார். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகள் கழுவாமல் கிடந்தன. ஒரு தட்டில் பூசணம் பிடித்திருந்தது. அதைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்திருந்தன!

வேறு ஒருவராக இருந்தால் தட்டைக் கழுவி வைத்திருப்பார். பிளெமிங் அந்தப் பூசணத்தைத் தனியே வளர்த்தார். அதிலிருந்து வந்த சாறுக்குப் பெனிசிலின் என்று பெயர் வைத்தார்.

ஆனால் அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்க அவரால் முடியவில்லை. அதைச் செய்தவர்கள் ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த புளோரி, செயின் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும்தான்.

மருந்து தீர்ந்தது

1941 பிப்ரவரியில் ஒரு போலீஸ்காரருக்கு அவர்கள் பெனிசிலின் ஊசி போட்டார்கள். அவருக்கு உடம்பெல்லாம் சீழ். ஒரு கண் போய்விட்டது. ஊசி போட்டதும் காய்ச்சல் தணிந்தது. சாப்பிடத் தொடங்கினார். அந்த நேரத்தில் மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரில் வெளியேறிய மருந்தைக்கூட வடித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். போதவில்லை. கிருமி மறுபடி பெருகியது. மார்ச்சு மாதம் அவர் இறந்தார்.

அந்தப் போலீஸ்காரருக்குக் கொடுக்க மருந்து இல்லை. மருந்து கையில் இருந்தும் அரைகுறையாகச் சாப்பிடுபவர்களை நினைத்துத்தான் பிளெமிங் கவலைப்பட்டார்.

கணவன் செய்த தவறு

1945-ல் பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சுவீடன் நாட்டில் நடந்த விழாவில் பிளெமிங் பேசினார். பேச்சின் முடிவில் ஒரு கற்பனைக் கதை சொன்னார்.

ஒருவனுக்குத் தொண்டை வலி. தானாகவே பெனிசிலின் வாங்கிக் கொஞ்சம் சாப்பிடுகிறான். கிருமி சாகவில்லை. மருந்தைத் தாங்கும் பழக்கம் அதற்கு வந்துவிடுகிறது. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காய்ச்சல் வருகிறது. டாக்டர் பெனிசிலின் கொடுக்கிறார். பலிக்கவில்லை. அவள் இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்குப் பொறுப்பு, அலட்சியமாக மருந்து சாப்பிட்ட கணவன்தான் என்றார் பிளெமிங்.

பிளெமிங் உயிரோடு இருந்தபோதே, பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் தலைகாட்டிவிட்டன. ஆனாலும் அந்தக் கணவனைப் போன்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள். மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வெறும் ஜலதோஷமாக இருக்கும். ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரசைப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. சிலருக்குப் பெனிசிலினே ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கு ஆபத்தாகிவிடும். எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

பிளெமிங் 1955 மார்ச்சு 11-ந் தேதி மாரடைப்பால் காலமானார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.